கடாரத்துக் கடற்கரை: ஓய்வு நாளிற் காண வேண்டுவன

தாய்நாட்டாருக்குச் சித்திரையும் வைகாசியும் எப்படியோ, கெடா வாழ் தமிழராகிய நமக்குத் தையும் மாசியும் அப்படி. மலாய் நாட்டிலே கோடையென்று தனியே ஒரு பருவம் இல்லை என்பாரும் உளர். அன்னார் தை மாதத்து நண்பகலில் சுங்கைப்பட்டாணித் தெருவிலே சற்று நேரம் நின்று பார்ப்பாராக. வடகீழ்ப் பருவக்காற்று கிழக்குக் கரையிலே மழையைக் கொட்டும் காலத்தில் நம் மேற்குக் கரை காய்கிறது. புல் கருகுகிறது, ரப்பர் மரம் இலையுதிர்க்கிறது, கடல் மட்டும் அமைதியாய்க் கிடக்கிறது. விடுமுறை வாய்த்தவுடன் தோட்டத்தாரும் பட்டணத்தாரும் வேனையோ பஸ்ஸையோ அமர்த்திக்கொண்டு கடற்கரைக்குப் புறப்படுவது பெரும்பாலும் இக்காலத்தேதான்.

அங்கே நாம் செய்வது யாது? கட்டுச்சோறு உண்கிறோம், குழந்தைகள் நீரில் இறங்குகின்றனர், ஆடவர் மர நிழலில் சீட்டாடுகின்றனர், பெண்கள் பாத்திரங்களைக் கழுவுகின்றனர். மாலையில் வீடு திரும்புகிறோம். வீட்டின் அடுப்பங்கரையைத் தூக்கிக் கடற்கரையில் வைத்துவிட்டு, அதற்கு ‘ஓய்வு’ என்று பெயரிடுவது ஆடவர்க்கு எளிது. பெண்மக்களைக் கேட்டால் உண்மை தெரியும். இனியேனும் உணவை ஆடவர் சுமக்கட்டும், ஆடவரே பரிமாறட்டும். இஃது ஒரு புறம் இருக்க.

கடற்கரை இன்பம் தமிழருக்குப் புதிதன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பட்டினப்பாலை என்னும் சங்க நூல், காவிரிப்பூம்பட்டினத்துக் கடற்கரையிலே மக்கள் விடுமுறை கொண்டாடிய வகையை விரித்துரைக்கிறது. அவர்கள் கடலில் நீராடினர், உடம்பிற் படிந்த உப்பு நீங்கும்படி ஆற்று நீரிலும் குளித்தனர், நண்டுகளை விரட்டி விளையாடினர், அலையோடு ஆடினர், மணலிலே பாவை செய்தனர். இன்று பந்தாய் மெர்டேக்கா மணலில் நம் குழந்தைகள் செய்வது வேறு யாது? சிலப்பதிகாரத்திலே கோவலனும் மாதவியும் பிரிய நேர்ந்ததும் ஒரு கடலாட்டு விழாவிலேயன்றோ?

அதே பட்டினப்பாலையில் இன்னொரு செய்தியும் உண்டு. காவிரிப்பூம்பட்டினத்துத் தெருக்களிலே குவிந்து கிடந்த பண்டங்களைப் புலவர் அடுக்கிச் சொல்லுமிடத்துக் காழகம் என்னும் நாட்டிலிருந்து வந்த பொருள்களையும் சேர்த்துக் கூறுகிறார். அந்நூலுக்கு உரைகண்ட நச்சினார்க்கினியர் காழகம் என்பதற்குக் கடாரம் என்று பொருள் எழுதினார். கடாரம் என்பது நாம் வாழும் கெடாவேயாம். ஆகவே, தமிழர் தம் கடற்கரையில் ஆடிப்பாடிய காலத்திலேயே இக்கடற்கரை அவர்க்குப் பெயரறிந்த கரையாக இருந்தது என்பது அவ்வுரையாசிரியர் கொள்கை.

இதனை எடுத்துரைப்பது வீண் பெருமை பேசுதற்கு அன்று. ஒரு வேண்டுகோளுக்காக உரைக்கின்றோம். கடலாடுங்கள், நன்றாக ஆடுங்கள். ஆனால், அந்த ஒரு நாளில் பாதியைக் கடற்கரையைக் ‘காண்பதற்கு’ ஒதுக்குங்கள். தெற்குக் கெடாவின் கரையிலே, ஒரே நாளிற் சென்று மீளத்தக்க வட்டத்தினுள், இரண்டாயிரம் ஆண்டு வரலாறு திறந்து கிடக்கிறது. அதனைக் காணாமல் திரும்புவது, நூல் நிலையத்தினுட் புகுந்து விசிறிக் காற்று வாங்கிவிட்டு வருவதை ஒக்கும்.

பயணம் பீடோங்கிலிருந்து தொடங்கட்டும். சுங்கைப்பட்டாணிக்கு வடக்கேயுள்ள இச்சிறு பட்டணத்தை நம்மவர் பலர் வண்டியிலிருந்தபடியே கடந்து செல்கின்றனர். 1946, 1947 ஆம் ஆண்டுகளில் கெடாத் தோட்டங்களிலே தொண்டர் படை என்னும் ஓர் இயக்கம் எழுந்தது. ஹார்வர்ட் தோட்டத்தைச் சேர்ந்த ஏ. எம். சாமி அதன் தலைவராய் விளங்கினார். தொழிலாளரின் கூலியையும் குடும்பத்தையும் கள்ளுக்கடை விழுங்குவதைக் கண்டு மனங்கொதித்த இளைஞர், அக்கடைகளின் முன் மறியல் செய்தனர். 1947இல் பீடோங்கில் நிகழ்ந்த மறியலின்போது போலீசாருடன் மோதல் விளைந்தது. தொழிலாளி ஒருவர் உயிர் துறந்தார். கள்ளுக்கடை ஒழிய வேண்டும் என்பதற்காக உயிர் கொடுத்த ஊர் வழியே, வண்டி நிறையப் புட்டிகளை ஏற்றிக்கொண்டு கடற்கரைக்குச் செல்வது தகுமா? இந்த ஒரு வினாவோடு இவ்வூரைக் கடப்போம். மயக்கத்தோடு கடலில் இறங்குவோருக்கு நேரும் கேட்டினையும் நாம் சொல்ல வேண்டுவதில்லை.

பீடோங்கிலிருந்து மேற்கே செமிலிங் நோக்கிச் செல்லும் சாலையிலே சுங்கை பத்து என்னும் இடம் உளது. ‘கல்லாறு’ என்று அதனைத் தமிழாக்கலாம். செம்பனைத் தோட்டமாய்க் கிடந்த இந்நிலத்தை 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்து வந்தனர். பனையின் வேருக்குக் கீழே வெளிப்பட்டவை யாவை? இரும்பை உருக்கிய உலைக்களங்கள். உலைக்குக் காற்றூதிய சுடுமண் குழாய்கள். குவியல் குவியலாய் இரும்புக் கசடு. செங்கல்லாற் கட்டிய படகுத்துறை. வழிபாட்டுக்குரியதெனக் கருதப்படும் ஒரு செங்கல் மேடை. இவற்றுட் சிலவற்றின் தொன்மை குறித்து அறிஞரிடையே வாதம் உண்டு. ஆயினும், இங்கே பல நூற்றாண்டுகள் இரும்புத் தொழில் ஓங்கியிருந்தது என்பதிலே ஐயமில்லை.

இன்று அவ்விடத்தில் நின்று நோக்கினால் கடல் கண்ணுக்கு எட்டாது. படகுத்துறை எதற்கு என்று குழந்தைகள் கேட்பர். அவர்க்குச் சொல்ல வேண்டிய பாடம் இதுவே: அக்காலத்தில் நீர் இத்துணைத் தொலைவு உள்ளே வந்திருந்தது. ஆறுகள் மலையிலிருந்து மண்ணைக் கொணர்ந்து கொட்டக் கொட்ட, கரை மேற்கே நகர்ந்தது. பழந்துறைகள் நிலத்தினுட் சிக்கிக்கொண்டன. ஆகவே, கெடாவின் பண்டைக் கடற்கரையைக் காண விரும்புவோர் இன்றைய மணலை மட்டும் பார்த்தாற் போதாது. ரப்பரும் செம்பனையும் நிற்கும் நிலத்தைப் பார்க்க வேண்டும். நம் பாட்டனார் பால் வெட்டிய தோட்டங்கள் சில, அவர் அறியாமலேயே, பழைய துறைமுகத்தின்மீது நின்றன.

மேலும் மேற்கே சென்றால் மெர்போக் என்னும் ஊர். அங்கே ஜெராய் மலையடிவாரத்திலே, புக்கிட் பத்து பகாட் என்னும் குன்றின் சாரலில், 1980இல் திறக்கப்பெற்ற பழம்பொருட் காட்சிச்சாலை இருக்கிறது. குன்றின் பெயருக்கு ‘உளிபட்ட கல்லின் குன்று’ என்று பொருள். மலாய் மக்கள் அக்கல்லின் வேலைப்பாட்டை நெடுங்காலமாய் அறிந்திருந்தனர் என்பதற்கு அப்பெயரே சான்று. மலாய் மொழியிற் ‘சண்டி’ எனப்படும் பழங்கோயில் ஒன்று, மெர்போக் கெச்சில் என்னும் சிற்றாற்றின் கரையிலே அங்கு நிற்கிறது. குவாரிச் வேல்ஸ் என்னும் ஆங்கிலேயரும் அவர்தம் மனைவியார் டோரதியும் 1936, 1937 ஆம் ஆண்டுகளில் இப்பூஜாங் பள்ளத்தாக்கை ஆராய்ந்து 30 இடங்களைக் குறித்தனர். அவற்றுள் எட்டாவது இக்கோயில். பின்னர் அலஸ்டர் லாம்ப் என்பார் சிதறிக் கிடந்த கற்களை ஆய்ந்து, 1960 அளவில் அதனை மீள அமைத்தார்.

கோயிலைக் காண்போர் ஒன்றைக் கூர்ந்து நோக்குக. கருவறைக்கு உரிய பகுதியும் முன்மண்டபமும் தெளிவாய்த் தெரிகின்றன. மண்டபத்திலே தூண் நிறுத்துதற்குரிய கல்லடிகள் மட்டுமே உள. தூண்களோ கூரையோ இல்லை. அவை மரத்தாலும் கீற்றாலும் ஆனவையாய் இருந்து காலத்தில் மட்கிப்போயின என்பர் ஆராய்ச்சியாளர். தமிழ்நாட்டுக் கோயில் ஒன்றைப் பெயர்த்துக் கொணர்ந்து வைத்ததன்று இது. கடல் கடந்து வந்த கருத்து, இம்மண்ணின் கல்லோடும் மரத்தோடும் இம்மண்ணின் தச்சரோடும் கலந்து பிறந்த கட்டடம். கொண்டவரும் கொடுத்தவரும் சேர்ந்து ஆக்கியதை ஒருவர்க்கே உரியதென்று கூறல் பொருந்தாது.

காட்சிச்சாலையின் உள்ளே பளபளக்கும் பொன்னைத் தேடாதீர். மணிகளையும் ஓடுகளையும் பாருங்கள். ‘பெங்காலான்’ என்றால் படகுத்துறை. அச்சொல்லையே பெயராகக் கொண்ட பெங்காலான் பூஜாங்கிலே சீன நாட்டுப் பீங்கான் ஓடுகளும் மேற்காசியக் கண்ணாடித் துண்டுகளும் மிகுதியாய்க் கிடைத்தன. உடைந்த ஓடு அரசன் வீட்டுப் பொருளன்று. கப்பலினின்று இறக்குங்கால் உடைந்ததும், கடையிலே கைதவறி வீழ்ந்ததும் அதில் இருக்கும். அதனைச் சுமந்த தோளும் இறக்கிய கையும் யாருடையன என்று எந்தக் கல்வெட்டும் கூறவில்லை. அவ்வோடுகளே அவர்தம் கல்வெட்டு.

காட்சிச்சாலையை விட்டு வெளியே வந்து நிமிர்ந்து நோக்கினால் ஜெராய் மலை தோன்றும். ஏறத்தாழ 1,217 மீட்டர் உயரமுடையது. சமவெளியிலிருந்து தனித்தெழுந்து நிற்பதால் கடலில் நெடுந்தூரத்திலிருந்தே தெரியும். கலங்கரை விளக்கம் கட்டப்படாத காலத்தில் வங்கக் கடலைக் கடந்து வந்த மாலுமிக்கு இம்மலையே விளக்கு. முகில் சூழ்ந்த அதன் முடியைக் கண்டபோது, கரை வந்ததென்று எத்துணைப் பேர் ஆறுதல் மூச்சு விட்டிருப்பர்!

அவ்வாறு வந்தோருள் ஒருவர் 7ஆம் நூற்றாண்டிற் சீனத்திலிருந்து புறப்பட்ட இச்சிங் என்னும் பௌத்தத் துறவி. 671இல் தாய்நாட்டை விட்டுப் புறப்பட்ட அவர், நாளந்தா செல்லும் வழியில் கெடாவில் தங்கினார். அவர் இங்கிருந்து மீண்டும் கப்பலேறியது சீனரின் பன்னிரண்டாம் மாதத்தில். அதாவது, நாம் வெப்பந் தாங்காமற் கடற்கரைக்கு ஓடும் இதே பருவத்தில். அஃது எதிர்பாராது நேர்ந்ததன்று. வடகீழ்க் காற்று வீசும் மாதங்களிலே கப்பல்கள் இங்கிருந்து மேற்கே சென்றன. தென்மேல் காற்றிலே அங்கிருந்து இங்கே வந்தன. இடைப்பட்ட காலத்திலே வணிகரும் துறவியரும் கப்பற்காரரும் காற்று மாறும்வரை இக்கழிமுகங்களிலே காத்துக் கிடந்தனர். இச்சிங் தம் காலத்துத் துறவியர் வரலாறுகளையும் எழுதி வைத்தார். அவருள் ஒருவர் கெடாவிலிருந்து 30 நாள் மேற்கே கப்பலிற் சென்று நாகப்பட்டினம் சேர்ந்ததாக அந்நூலில் காண்கிறோம். நாகைக்கும் கெடாவுக்கும் இடைப்பட்ட தொலைவு 30 நாள் என்று அன்றைய உலகம் அறிந்திருந்தது!

இவ்வழியே வந்தவருள் தம் பெயரைக் கல்லிலே விட்டுச் சென்றவரும் உண்டு. மூடா ஆற்றுக்குத் தெற்கேயுள்ள செபராங் பிறை நிலத்திலே ஜேம்ஸ் லோ என்னும் ஆங்கில அதிகாரி 1834இல் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். 5ஆம் நூற்றாண்டளவினதாகக் கருதப்படும் அக்கல், புத்தகுப்தன் என்னும் பெருமாலுமியின் பயணம் இனிதே முடிதற்பொருட்டு வெட்டப்பட்டது. அவன் தமிழனல்லன், வங்காளத்தைச் சேர்ந்தவன் என்பர். இன்று அக்கல் கல்கத்தா காட்சிச்சாலையில் உளது. நம் கரைக்கு வடக்கே, சயாம் நாட்டிலுள்ள தக்குவாபாவிலோ, 9ஆம் நூற்றாண்டைச் சார்ந்த தமிழ்க் கல்வெட்டே கிடைத்தது. குளம் ஒன்று தோண்டப்பெற்று, அது மணிக்கிராமம் என்னும் வணிகர் கூட்டத்தாரின் காவலில் விடப்பட்ட செய்தியை அது கூறுகிறது. அயல்நாட்டிலே தமிழர் கல்லில் எழுதி வைத்த செய்தி ஒரு குளத்தைப் பற்றியது என்பதை நினைந்து நாம் மகிழலாம். சிலப்பதிகாரத்துக்கு உரை வகுத்த அடியார்க்குநல்லார் அகிலின் வகைகளைக் கூறுங்கால் ‘கிடாரவன்’ என்பதையும் ஒன்றாகச் சேர்த்தார். ஒரு காலத்தில் நம் ஊரின் பெயர் தமிழ்நாட்டு மாளிகைகளிலே நறும்புகையாய்க் கமழ்ந்தது.

நிற்க. கடாரம் என்றவுடன் நம்மவர் நாவில் முதலில் எழும் பெயர் இராசேந்திர சோழன். கி.பி. 1025இல் அவன் கடற்படை ஸ்ரீவிசயத்தையும் கடாரத்தையும் தாக்கியது. அவன் வென்ற ஊர்களின் பட்டியல் தஞ்சைப் பெரிய கோயிற் சுவரிலே பொறிக்கப்பட்டுள்ளது. ‘கடாரங்கொண்டான்’ என்ற பட்டமும் அவனுக்கு வாய்த்தது. மேடை தோறும் இதனை முழங்குகிறோம். முழங்குவோரை நாம் கேட்பது ஒன்றே: அதற்கு முன்னும் பின்னும் நிகழ்ந்தது யாது?

படையெடுப்புக்கு ஏறத்தாழ 20 ஆண்டு முன்னர், அவன் தந்தை இராசராசன் காலத்திலே, ஸ்ரீவிசயத்துக்கும் கடாரத்துக்கும் அரசனாயிருந்தவன் நாகப்பட்டினத்திலே சூளாமணிவர்ம விகாரம் என்னும் பௌத்தப் பள்ளியைக் கட்டினான். சைவனான இராசராசன் அப்பள்ளிக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை அளித்தான். ஆலந்து நாட்டு லெய்டன் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டதால் ‘லெய்டன் செப்பேடுகள்’ எனப் பெயர்பெற்ற ஏடுகள் இதனை உரைக்கின்றன. படையெடுப்புக்கு 65 ஆண்டு பின்னர், 1090இல், கடாரத்தரசன் தூதுவர் வந்து வேண்ட, முதற் குலோத்துங்கன் அப்பள்ளியின் உரிமைகளை உறுதி செய்தான். இதற்கும் செப்பேடு உண்டு. எனவே, இவ்விரு கரைகளின் உறவிலே போர் ஓர் ஆண்டின் செய்தி. வாணிகமும் வழிபாடும் தூதும் பல நூறாண்டின் செய்தி. போரை மட்டும் நினைவில் வைப்பவன் தன் வரலாற்றிலே மிகச் சிறிய பங்கையே எடுத்துக்கொள்கிறான். அன்றியும், மலாயரோடும் சீனரோடும் ஒரே ஊரில் வாழும் நாம், நம் முன்னோர் இவ்வூரைக் கொள்ளையிட்டனர் என்பதைப் பெருமையாய்ப் பேசுதல் அறிவுடைமையும் ஆகாது.

பெருமை பேசிய நாம் காக்க வேண்டியதைக் காத்தோமா? 2013ஆம் ஆண்டின் இறுதியிலே, சுங்கை பத்துப் பகுதியில் இருந்த 11ஆம் எண் சண்டி, வீட்டு மனைக்காக நிலத்தைச் சமன்படுத்தும்போது இயந்திரத்தால் இடித்துத் தள்ளப்பட்டது. செய்தி வெளிவந்தவுடன் நாடெங்கும் கூக்குரல் எழுந்தது. அரசினர் ஒருவரையொருவர் நோக்கினர், சட்டம் நோக்கப்பட்டது, நிலம் தனியார்க்குரியதென்றும், அங்கே கோயில் இருந்ததே தெரியாதென்றும் விடைகள் வந்தன. ஆயிரம் ஆண்டளவு மழைக்கும் வெயிலுக்கும் ஈடுகொடுத்து நின்ற கற்கட்டு, மண்தள்ளும் பொறிக்கு ஈடுகொடுக்க இயலவில்லை.

அன்று கூக்குரலிட்டவருள் நம்மவரும் மிகப் பலர். அதனை நாம் குறை கூறவில்லை. ஆனால், அவருள் எத்துணைப் பேர் அதற்கு முன் அந்தச் சண்டியை ஒரு முறையேனும் சென்று கண்டவர்? ஆண்டுக்கு நான்கு வண்டி மக்கள் வந்து பார்த்துச் செல்லும் இடத்தை, ‘அங்கே ஏதும் இருந்தது தெரியாது’ என்று எவரும் இடித்தல் எளிதன்று. பழம்பொருளுக்குச் சட்டம் ஒரு வேலி. மக்களின் காலடி மற்றொரு வேலி. முதல் வேலியை அரசினர் இடவேண்டும். இரண்டாவதை நாமே இடலாம். செலவு வண்டிக் கூலி மட்டுமே. கடற்கரைப் பயணத்தில் பாதி நாளை ஒதுக்குமாறு நாம் வேண்டுவதன் உட்கருத்து இதுவே.

இனிக் கடலுக்கு வருவோம். மெர்போக்கிலிருந்து சாலை தஞ்சோங் டாவாய் என்னும் மீனவர் ஊரிலே முடிகிறது. மெர்போக் ஆறு கடலோடு கலக்கும் கழிமுகத்தின் வடகரை இது. நெத்திலியும் கருவாடும் பெலாச்சானும் இவ்வூரின் புகழ். கருவாடு வாங்காமல் எந்தத் தமிழ்ப் பெண்மணியும் இங்கிருந்து திரும்பமாட்டாள் என்பதை நாம் அறிவோம். ஆகவே அதைப்பற்றி அறிவுரை வேண்டா. வாங்குங்கால் மீன் உலர்த்தும் களத்தையும் ஒருமுறை காண்க. படகு கரை சேர்வதும், மீன் தரம் பிரிப்பதும், வெயிலில் விரிப்பதும் குழந்தைகள் காண வேண்டிய கல்வி. நம் இலக்கியம் நெய்தல் என்று வகுத்த நிலத்தின் வாழ்வு, அங்கே மலாய் மொழியிற் பேசிக்கொண்டு நடக்கிறது.

இவ்வூரிலிருந்து எதிர்க்கரையிலுள்ள பந்தாய் மெர்டேக்காவுக்குச் சிறு படகுகள் செல்கின்றன. சில நிமிடப் பயணம். அதனைத் தவறவிடாதீர். ஆற்றின் நடுவிலே கிழக்கு நோக்கித் திரும்பி அமர்ந்தால், இரு மருங்கும் கண்டல் காடுகளும் அவற்றின் பின்னே ஜெராய் மலையும் தோன்றும். மர வகைகளின் மிகுதியாற் பெயர்பெற்ற இவ்வலையாத்திக் காடு, மீனுக்கும் இறாலுக்கும் பிறப்பகம்; கரைக்கு அரண். பண்டைக் கலங்கள் நுழைந்த வாயில் இதுவே. காவிரிப்பூம்பட்டினமும் ஒரு கழிமுகப் பட்டினமே. அவ்வூரினின்று வந்தவனுக்கு இக்கழியும் இம்மரமும் இவ்வுப்பங்காற்றும் வீட்டு வாயிலைப் போலவே தோன்றியிருத்தல் கூடும்.

பந்தாய் மெர்டேக்கா என்பதற்கு விடுதலைக் கடற்கரை என்று பொருள். குழந்தைகள் இங்கே நீராடட்டும். ஆழமறிந்து, பெரியோர் கண்காணிப்பிலே ஆடட்டும். அவர்கள் ஆடும் வேளையில் முதியோரை மர நிழலில் அமர்த்தி, மேற்கே தெரியும் கடலைக் காட்டி, ஒரு கேள்வி கேளுங்கள்: “எந்தக் கப்பலில் வந்தீர்கள்? உங்கள் தந்தையார் எந்தக் கப்பலில் வந்தார்?”

ஏனெனில், இக்கடல் தமிழரை இருமுறை கரை சேர்த்தது. முதன்முறை வணிகராய் வந்தனர். இரண்டாம் முறை கூலிகளாய் வந்தனர். கெடா 1909இல் சயாமிடமிருந்து ஆங்கிலேயர் செல்வாக்கின்கீழ் வந்தபின் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. கங்காணிமார் ஊருக்குச் சென்று ஆள் சேர்த்தனர். ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த குடியேற்ற முகாம்களிலே மக்கள் திரட்டப்பட்டனர்; கப்பலின் மேற்றளத்திலே நெருக்கிப் படுத்து ஏறத்தாழ ஒரு வாரம் பயணம் செய்தனர்; பினாங்கையடுத்த ஜெரஜாத் தீவிலே நோய்த்தடுப்பு முகாமிற் காத்திருந்தனர்; பின்னர்த் தோட்டத்து லயம் வந்து சேர்ந்தனர். 1926இல் கட்டப்பட்டு அரை நூற்றாண்டளவு ஓடிய ‘ரஜூலா’ என்னும் கப்பலின் பெயர், நம் முதியோர் நாவில் இன்றும் ஊர்ப்பெயர் போலவே வழங்குகிறது. 1938இல் இந்திய அரசாங்கம் உதவிபெற்ற கூலிக் குடியேற்றத்தைத் தடை செய்ததோடு அந்த அத்தியாயம் முடிவுற்றது.

இச்சிங் காலத்தில் 30 நாள் ஆன நாகைப் பயணம், நீராவிக் கப்பலிலே ஒரு வாரமாய்ச் சுருங்கிற்று. ஆனால் மனிதனின் நிலை உயர்ந்ததா? முன்னர் வந்தவன் காற்று மாறியதும் திரும்பலாம். பின்னர் வந்தவன் கடன் தீர்ந்தால்தான் திரும்பலாம். முன்னவனின் பொருளைக் காட்சிச்சாலையிலே கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தோம். பின்னவன் கொண்டுவந்த தகரப் பெட்டி நம் வீட்டுக் கொல்லையிலே துருப்பிடிக்கிறது. இரண்டும் வரலாறு அல்லவா?

பந்தாய் மெர்டேக்காவிலிருந்து தெற்கே, அதே கரையில், கோத்தா குவாலா மூடா. இங்குள்ள சுங்கை மாஸ் என்னும் சிற்றூரில் பூஜாங் பள்ளத்தாக்கின் மிகப் பழைய துறைமுகங்களுள் ஒன்று இருந்தது. கண்ணாடி மணிகள் இங்கேயே செய்யப்பட்டமைக்கு அடையாளங்கள் கிடைத்துள்ளன. அதே கோத்தா குவாலா மூடாவிலே மற்றொரு நினைவிடமும் உளது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை இம்மீனவர் ஊர்களையும் தாக்கியது. உடைந்த படகுகளை அடுக்கி அந்நாளின் நினைவாக அங்கே ஒரு சின்னம் எழுப்பியுள்ளனர். மலேசியாவில் அன்று மாண்டவர் 68 பேர். பினாங்கிலே விடுமுறைக்குக் கடற்கரை சென்று நீராடியவரும் அவருள் அடங்குவர். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் அன்று 6,000க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். காலையில் நாகையை விழுங்கிய கடலே நண்பகல் கடந்து கெடாக் கரையிலும் ஏறிற்று. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு துறவி 30 நாளிற் கடந்த அவ்விரு கரைகளையும் ஒரே நாளில் ஒரே துயர் தொட்டது.

அச்சின்னத்தின்முன் குழந்தைகளை நிறுத்திச் சொல்லுங்கள்: நிலம் நடுங்கிய பின்னரோ, கடல் திடீரென்று பின்வாங்கும்போதோ, கரையில் நின்று வேடிக்கை பாராமல் மேட்டுநிலம் நோக்கி ஓடவேண்டும். இவ்வொரு சொல் உயிர் காக்கும். கடலை வணங்குவதனினும் கடலை அறிவது நன்று.

இத்துணையும் ஒரே நாளில் முடியுமா என்பார்க்கு: விடியலிற் புறப்பட்டால் முடியும். காலையிலே சுங்கை பத்தும் காட்சிச்சாலையும். நண்பகலிலே தஞ்சோங் டாவாயும் படகும். பிற்பகலிலே மணலும் நீராட்டும். மாலையிலே கோத்தா குவாலா மூடா. இரவு உணவுக்கு வீடு. குழந்தைகளின் கையில் ஒரு குறிப்புப் புத்தகமும் எழுதுகோலும் இருக்கட்டும். முதியோர் கூறும் கப்பற் பெயரும், ஏறிய துறையும், வந்த ஆண்டும், முதல் தோட்டத்தின் பெயரும், கங்காணியின் ஊரும் அதிலே பதிவாகட்டும். நம் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன, பல செம்பனையாயின, சில வீட்டு மனைகளாயின. தோட்டத்தோடு அதன் பெயரும் மறைகிறது. எழுதி வைத்த பெயர் மறையாது. அவ்வேடுகளைத் தமிழ்ப் பள்ளி நூல் நிலையத்திலே சேர்த்து வைத்தால், நாளை இந்நாட்டு வரலாற்றை எழுதப் புகுவோர் நம்மைத் தேடி வருவர்.

பதினோராம் எண் சண்டி போயிற்று. அதனை இனி எவரும் காண இயலாது. வேல்ஸ் குறித்த மற்ற இடங்களுட் பல, தோட்டத்துப் புதரிலும் ஆற்றங்கரையிலும் காத்துக் கிடக்கின்றன. ரஜூலாவில் வந்தவருள் எஞ்சியோரும் காத்துக் கிடக்கின்றனர். அவர்க்கு நேரம் மிகக் குறைவு. அடுத்த விடுமுறைக்கு வண்டி பேசும்போது, ஓட்டுநரிடம் பந்தாய் மெர்டேக்கா என்று மட்டும் கூறாதீர்; மெர்போக் வழியாக என்று ஒரு சொல்லைச் சேர்த்துக் கூறுங்கள்.